பெருந்தொற்றும் மானிடக் கடமையும்
தென் எல்லைச் சிற்றூர்கள் கற்பிக்கும் பாடம்

பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு என்னும் நான்கும் உயிர் வாழ்க்கையை நிழல்போல் தொடர்வன என்பதைப் பௌத்தம் பயில்வோர் முதற் பாடமாகவே கற்கின்றனர். கற்றல் எளிது, அதனை வாழ்வில் எதிர்கொள்ளல் அரிது. 2020 ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஒரே வேளையில் பிணியின் முகத்தை நேருக்கு நேர் காண நேர்ந்தது. அரசரும் ஆண்டியும், கற்றோரும் கல்லாதோரும், செல்வ நாட்டாரும் ஏழை நாட்டாரும் ஒரே அச்சத்தால் கதவடைத்து இருந்தனர். அந்நாட்கள் கழிந்துவிட்டன. கழிந்த துன்பத்தை மறத்தல் மனத்தின் இயல்பு. அதிலிருந்து பாடம் கொள்ளல் அறிவின் கடமை. ஆகவே இக்கட்டுரையில் அப்பெருந்தொற்றினை ஒரு பாடப் பொருளாகக் கொண்டு ஆராய்வோம்.

ஆராய்ச்சிக்கு உரிய நிலமாகப் பெரு நகரங்களை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. கேரளத்தின் தென்கோடியில் தமிழ்நாட்டைத் தொட்டுக் கிடக்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துச் சிற்றூர்களையே எடுத்துக்கொள்கிறோம். எல்லையில் வாழ்வோர்க்கு, நாட்டின் நடுவே வாழ்வோர் காணாத சில உண்மைகள் புலப்படும் என்பது நம் துணிபு.

நோயாளியிடம் வரும் நல்ல மருத்துவன் நான்கு செய்திகளை ஆராய்வான். நோய் இன்னது, அதன் காரணம் இன்னது, அது நீங்கத் தக்கது, நீங்கும் வழி இன்னது என்பனவே அவை. துக்கம், துக்க காரணம், துக்க நிவாரணம், துக்க நிவாரண மார்க்கம் என்னும் நான்கு வாய்மைகளும் இம்முறையிலேயே அமைந்திருத்தலை நம் வாசகர் அறிவர். இப்பாடத்தையும் அவ்வழியிலேயே நடத்துவோம்.

1. எல்லை நிலத்தின் இயல்பு

1956 நவம்பர் 1 ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, பழைய திருவிதாங்கூரின் தென் பகுதியிலிருந்து அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கோரியது. எனினும் அது கேரளத்திலேயே நின்றது. அன்று முதல் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே மாநில எல்லை செல்கிறது.

எல்லை நிலப்படத்தில் ஒரு கோடு. மக்கள் வாழ்விலோ அது ஒரு கோடாக இருந்ததில்லை. ஒரு வீட்டுப் பெண் அப்புறம் வாழ்க்கைப்பட்டிருப்பாள். மற்றொரு வீட்டு மருமகன் இப்புறம் வேலை பார்ப்பான். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசி வளர்ந்தோர் இங்குப் பலர். கன்னியாகுமரி மாவட்டத்துக் காய்கறியும் வாழைக்குலையும் தோவாளைப் பூவும் நாள்தோறும் இவ்வழியே திருவனந்தபுரம் சென்றன. கடும் நோயுற்றார் தென் குமரியிலிருந்து திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும் வட்டாரப் புற்றுநோய் மையத்துக்கும் இதே வழியிற் சென்றனர். வயிற்றுக்கும் மருந்துக்கும் உறவுக்கும் எல்லையைக் கடப்பதே இம்மக்களின் அன்றாட வாழ்க்கை.

2. நோய் வந்த வரலாறு

இந்தியாவில் இந்நோய் முதன்முதல் கண்டறியப்பட்டது கேரளத்திலேயே. சீனத்தின் ஊகான் நகரில் மருத்துவம் பயின்று திருச்சூர் திரும்பிய மாணவி ஒருவரிடம் 2020 ஜனவரி 30 ஆம் நாள் அது உறுதி செய்யப்பட்டது. மார்ச் 11 ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இதனை உலகப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது.

அன்று எல்லை உண்மையிலேயே எல்லையாயிற்று. நெடுஞ்சாலையில் காவல் நின்றது. சிறு வழிகள் பல தடுப்புகளால் அடைபட்டன. மே மாதத் தொடக்கத்தில், வெளி மாநிலங்களில் சிக்கிய மலையாளிகள் அனுமதிச் சீட்டுடன் திரும்புவதற்குக் கேரள அரசு ஆறு வாயில்களைக் குறித்தது. மஞ்சேசுவரம், முத்தங்கா, வாளையாறு, குமுளி, ஆரியங்காவு என்பவற்றோடு ஆறாவதாக நின்றது பாறசாலையை அடுத்த இஞ்சிவிளை. நேற்றுவரை பலரும் பேருந்தின் சன்னல் வழியே பார்த்துக் கடந்துபோன அச்சிற்றூரின் பெயர், ஒரு மாநிலத்தின் தென்வாயில் என்று செய்தித்தாள்களில் ஏறியது.

பின்னர்ச் சரக்கு வண்டிகள் ஓடின. தனி வாகனங்களும் மெல்ல ஓடின. ஆனால் இரு மாநிலங்களுக்கிடையே பொதுப் பேருந்து மீண்டும் ஓடியது 2021 டிசம்பர் 1 ஆம் நாளிலேதான். இருபது மாதங்கள் ஏழை மக்கள் எல்லைவரை ஒரு பேருந்திலும், எல்லையை நடந்து கடந்து அப்புறம் வேறொரு பேருந்திலுமாகச் சென்றனர். வண்டி உடையார்க்கு எல்லை முன்பே திறந்தது. வண்டி இல்லார்க்குப் பின்னரே திறந்தது. நோய் அனைவர்க்கும் பொது என்பர். நோயினால் வரும் இடர் அனைவர்க்கும் ஒரே அளவினதன்று என்பதை ஈண்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

உலக அளவில் இந்நோயால் இறந்தோர் என்று அரசுகள் கணக்கிட்டு அறிவித்த தொகை 70 இலட்சத்தைக் கடந்தது. 2020, 2021 ஆகிய இரண்டே ஆண்டுகளில் வழக்கத்திற்கு மேற்பட்டு நிகழ்ந்த மரணங்கள் ஏறத்தாழ 1 கோடியே 49 இலட்சம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இந்தியா அறிவித்த எண் 5 இலட்சத்து 30 ஆயிரத்திற்கும் மேல். கேரளத்தில் மட்டும் 70 ஆயிரத்தைக் கடந்தது. கேரளத்தின் எண் அவ்வளவு உயர்ந்தமைக்கு ஒரு காரணம், முன்பு விடுபட்ட மரணங்களை 2021 இன் பிற்பகுதியில் மறு ஆய்வு செய்து பட்டியலில் சேர்த்தமையாகும். இறந்தோரை ஒளியாது எண்ணுதலும் ஓர் அறமே. எண்ணப்படாத பிணம் இருமுறை இறக்கிறது.

3. நோயின் காரணம்

காரணமின்றிக் காரியமில்லை என்பது நம் நெறியின் அடிப்படை. ஒன்று இருப்பதால் மற்றொன்று தோன்றுகிறது. அது நீங்கின் இதுவும் நீங்கும். கொள்ளை நோயைத் தெய்வக் குற்றம் என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. அம்மை வந்த வீட்டில் வேப்பிலை கட்டினர். அவ்வேப்பிலை, இவ்வீட்டிற்குள் வாராதீர் என்று அயலார்க்கு அறிவிக்கும் அடையாளமாகவும் பயன்பட்டமை உண்மை. ஆயினும் காரணத்தை அறியாதவரை, காத்தல் அரைகுறையாகவே நின்றது.

இந்நோயின் காரணம் ஒரு நச்சுயிரி. ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவே அதன் பருமன். தானாக உண்ணவோ பெருகவோ அதற்கு இயலாது. அதன் மேற்புறத்து முட்கள், மனிதரின் மூச்சுப் பாதையிலுள்ள உயிரணுக்களைப் பற்றிக்கொள்கின்றன. உள்ளே புகுந்தபின் அவ்வணுவின் தொழிற்கருவிகளையே கைப்பற்றித் தன்னைப்போல் பல்லாயிரம் படிகளை உண்டாக்குகிறது. பேச்சிலும் இருமலிலும் மூச்சிலும் வெளிப்படும் நுண்துளிகளில் ஏறி அடுத்தவரை அடைகிறது. தொற்றியபின் குறி தோன்ற இரண்டு முதல் பதினான்கு நாட்கள் ஆகலாம். குறியே தோன்றாதவரும் பிறர்க்கு நோயைத் தரலாம். இந்நோயின் கொடுமைக்கு வேராக நின்றது இதுவே. நலமாயிருப்பதாகத் தம்மைக் கருதிய மகன், தன்னை அறியாமலே தன் தாய்க்கு நோயைக் கொண்டுபோனான்.

காரணம் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. அந்நுண்மியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சவர்க்காரம் கொழுப்பைக் கரைக்கும். ஆதலின் கை கழுவுதல் காத்தது. மூச்சுத் துளி வழியே பரவுகிறது. ஆதலின் முகக் கவசமும் இடைவெளியும் காற்றோட்டமும் காத்தன. மனிதர்வழி மனிதர்க்குச் சங்கிலியாகச் செல்கிறது. ஆதலின் சங்கிலியின் ஒரு கண்ணியை அறுத்தல் போதும். 2020 மார்ச்சு மாத நடுவில் கேரள அரசு தொடங்கிய இயக்கத்திற்குச் சங்கிலியை அறுப்போம் என்னும் பொருள்படப் பெயரிட்டது பொருத்தமே. சார்பில் தோற்றத்தைப் பயின்றவர்க்கு இது புதிய கருத்தன்று. பன்னிரு சார்புகளின் சங்கிலியில் ஒரு கண்ணி அறின் பின்வருவன யாவும் அறும் என்றே நாம் கற்றிருக்கிறோம்.

4. தொலைவு இருவகை

இனி நம் பாடத்தின் நடுப்பகுதிக்கு வருகிறோம். விலகி நில், தொடாதே, அருகில் வாராதே என்னும் சொற்களை 2020 ஆம் ஆண்டு உலகத்தார் புதியனவாகக் கேட்டனர். தென் திருவிதாங்கூர் மண்ணுக்கு அவை புதியன அல்ல. இன்ன சாதியார் இன்ன சாதியாரிடமிருந்து இத்தனை அடி தொலைவில் நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்து வாழ்ந்த மண் இது. மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் குலப் பெண்கள் பல்லாண்டுகள் போராடி 1859 இல் அரசாணை பெற்றது இத்தென் நிலத்திலே. அரசர் சாலையில் ஒடுக்கப்பட்டோர் நடக்கலாகாது என்றிருந்த நாளில், 1893 இல் வில்வண்டி ஏறி அச்சாலையிற் சென்ற அய்யன்காளி பிறந்த வெங்ஙானூர், நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்தது. அவர் பஞ்சமி என்னும் புலையர் குலச் சிறுமியைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று பள்ளியில் அமர்த்த, அதன் பொருட்டு அப்பள்ளியே தீக்கிரையான ஊரூட்டம்பலமும் அண்மையிலேயே உள்ளது. 1888 இல் நாராயண குரு, சாதி வேற்றுமை பாராது அனைவரும் வந்து வழிபடும் இடம் என்று நிறுவிய அருவிப்புரம், நெய்யாற்றின் கரையிலேயே இருக்கிறது.

இத்தகைய மண்ணில், விலகி நிற்றலே நன்மை என்று மருத்துவம் கூறியபோது ஒரு வினா எழுதல் இயல்பு. தீண்டாமையும் இவ்விடைவெளியும் ஒன்றோ? ஒன்றென்பார் சிலர் அந்நாளில் இருந்தனர். நம் முன்னோர் கண்ட ஆசாரத்தின் உண்மையை இன்று அறிவியல் ஒப்புக்கொண்டது என்று பெருமை பேசியோரும் உளர். இக்கூற்று முற்றிலும் பிழை. எவ்வாறு பிழை என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, தீண்டாமைக்குக் காரணம் பிறப்பு. இடைவெளிக்குக் காரணம் நோய். பிறப்பால் ஒருவர்பால் தொற்றக்கூடிய இழிவு ஏதும் இல்லை. ஆகவே தீண்டாமை பொய்க் காரணத்தின்மேல் நிற்கிறது. நோய் உண்மைக் காரணம்.

இரண்டாவது, தீண்டாமை ஒரு பக்கத்துக்கே விதி. மேலோன் எனப்பட்டவன் எங்கும் செல்லலாம். கீழோன் எனப்பட்டவனே விலக வேண்டும். இடைவெளியோ இருவர்க்கும் பொது. அமைச்சரும் கவசம் அணிந்தார். மீன் விற்கும் மூதாட்டியும் அணிந்தாள்.

மூன்றாவது, தீண்டாமைக்கு முடிவு நாள் இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது. தனிமையிருப்புக்கு நாட்கணக்கு உண்டு. நாள் நிறைந்ததும் கதவு திறக்கும்.

நான்காவது, தீண்டாமை விலக்கியவரைப் பட்டினிக்கும் இருளுக்கும் விட்டுவிடும். அறத்தோடு கூடிய இடைவெளி, விலக்கியவர் வாயிலில் உணவும் மருந்தும் கொண்டு வைக்கும். நாள்தோறும் நலம் வினவும்.

இந்நான்கும் உரைகல்லாகும். எந்த விலகலையும் இக்கல்லில் உரைத்துப் பார்த்தால் அது கருணையா, வெறுப்பா என்பது விளங்கும். பெருந்தொற்று நாட்களில் நம் நாட்டில் நிகழ்ந்த எல்லா விலகலும் இவ்வுரைகல்லில் தேறின என்று சொல்வதற்கில்லை. 2020 ஏப்ரலில் சென்னையில், தொற்றால் மாண்ட நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாது ஒரு கூட்டம் தாக்கியது. உயிரைக் காத்தவர்க்கு ஆறடி மண்ணும் மறுத்த அச்செயல் நோயச்சத்தின் போர்வையில் வந்த பழைய தீண்டாமையே. நோயினின்று மீண்டு வீடு திரும்பியவரை அயலார் ஏறிட்டும் பாராமையும், வெளியூரினின்று வந்தவரைக் குற்றவாளி போல் நடத்தியமையும் பல இடங்களில் நிகழ்ந்தன. எல்லையூர்களில் அப்புறத்தார் இப்புறத்தாரையும் இப்புறத்தார் அப்புறத்தாரையும் நோய் கொண்டுவருவோர் என்று குறை கூறினர். இரு புறத்தாரும் ஒரே தாய் வயிற்றுப் பேரப் பிள்ளைகள் என்பதை அச்சம் மறக்கச் செய்தது.

கடற்கரையின் செய்தியையும் ஈண்டு நோக்குதல் தகும். 2020 ஜூலை 17 ஆம் நாள், திருவனந்தபுரத்தின் பூந்துறையிலும் நெய்யாற்றின்கரை வட்டத்துப் புல்லுவிளையிலும் நோய் சமூகப் பரவலாகிவிட்டது என்று கேரள முதலமைச்சர் அறிவித்தார். புல்லுவிளையில் ஒரு நாளில் 97 பேரைச் சோதிக்க, 51 பேருக்குத் தொற்று இருந்தது. மறுநாள் முதல் மாவட்டக் கடற்கரை மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு முழு ஊரடங்குக்கு உள்ளாயிற்று. விழிஞ்ஞம் முதல் எல்லையூராகிய பொழியூர் வரை மூன்றாம் மண்டலம். ஒட்டி ஒட்டி நிற்கும் சிறு வீடுகள், ஒரே படகில் தோளோடு தோள் நின்று செய்யும் தொழில், ஒரே கரையில் கூடும் சந்தை ஆகியவையே அங்கு நோய் விரைந்து பரவிய காரணங்கள். ஆனால் அம்மக்களின் மேல் பழிச்சொல் விழுந்தது. 2018 ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில், அழைப்பாரை எதிர்நோக்காது தம் படகுகளை வண்டியில் ஏற்றிச் சென்று ஆயிரக்கணக்கானோரை மீட்டவர்கள் கேரளக் கடற்கரை மீனவரே. இரண்டே ஆண்டுகளில் அந்நன்றி மறந்துபோயிற்று. மனத்தின் நிலையாமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

5. நோயாளியைப் பேணுதல்

விநய நூலாகிய மகாவக்கத்தில் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. வயிற்று நோயால் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவான் கண்டார். அவரை ஏன் ஒருவரும் பேணவில்லை என்று வினவியபோது, அவர் பிறர்க்கு எவ்வுதவியும் செய்யாதவர், அதனால் ஒருவரும் பேணவில்லை என்று விடை வந்தது. பகவான் ஆனந்தரை நீர் கொணரச் செய்து தாமே ஊற்ற, ஆனந்தர் துடைக்க, இருவரும் அவரைத் தூக்கிப் படுக்கையிற் கிடத்தினர். பின்னர்ப் பிக்குகளைக் கூட்டி, தாய் தந்தையரைப் பிரிந்து வந்த நீங்கள் ஒருவரை ஒருவர் பேணாவிடில் வேறு யார் பேணுவார் என்னும் கருத்துப்பட உரைத்து, தமக்குப் பணிபுரிய விரும்புவோர் நோயாளிக்குப் பணிபுரியட்டும் என்று அறிவுறுத்தினார்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு நுட்பங்கள் உள. பயனுடையார்க்கே பணிவிடை என்னும் வணிகக் கணக்கைப் பகவான் ஒப்பவில்லை என்பது ஒன்று. அவர் அறிவுரையை முன்னும் பணியைப் பின்னும் வைக்கவில்லை. முதலில் நீர் ஊற்றினார், பின்னரே உரைத்தார் என்பது மற்றொன்று.

பெருந்தொற்று நாட்களில் இவ்வறத்தை நடத்திக் காட்டியோர் பெரும்பாலும் பெயர் அறியப்படாதோர். பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களின் அரசு மருத்துவமனைகளிலும் அவை போன்ற பிற இடங்களிலும் உடல் முழுவதும் காப்புடை பூட்டி, வியர்வை ஒழுகப் பல மணி நேரம் நின்ற செவிலியர். வீடு வீடாகச் சென்று காய்ச்சல் உண்டோ என்று கேட்ட ஆஷா பணியாளர். நோயுற்றோர் வீட்டுக் குப்பையை அகற்றிய துப்புரவுத் தொழிலாளர். உறவினர் அஞ்சி நின்ற வேளையில் உடலை மயானத்திற்குச் சுமந்த இளைஞர் ஆகிய இவர்களே. இவர்களுள் பலர் நேற்றுவரை தொடத் தகாதவர் எனப்பட்ட குடிகளில் பிறந்தோர் என்பதை நாம் மறத்தல் ஆகாது. நாட்டின் உயிர் இவர்கள் கையில் நின்றது.

கேரளம் இதற்கு முன்பும் இவ்வகை ஈகத்தைக் கண்டதுண்டு. 2018 மே மாதம் கோழிக்கோட்டுப் பகுதியில் நிபா நச்சுயிரி பரவியபோது, பேராம்பிரைத் தாலுகா மருத்துவமனைச் செவிலி லினி, தாம் பேணிய நோயாளியிடமிருந்து தொற்றுப் பெற்று மே 21 ஆம் நாள் மறைந்தார். பிணியாளர் படுக்கையருகே நின்று உயிர் ஈந்த அவருடைய வாழ்வு, கருணை என்னும் சொல்லுக்கு உரையாக விளங்குகிறது.

6. அன்னமும் அரசும்

ஊரடங்கு நோயைத் தடுத்தது. அதே வேளையில் நாட்கூலியையும் தடுத்தது. ரப்பர் பால் வெட்டுவோர், பாலராமபுரத்துக் கைத்தறி நெய்வோர், கட்டட வேலை செய்வோர், வழியோர வணிகர் ஆகியோர் இல்லங்களில் அடுப்பு அணையும் நிலை உண்டாயிற்று. பசியும் ஒரு பிணி என்று கண்டது தமிழ்ப் பௌத்தம். அமுதசுரபி ஏந்திச் சிறைக்கோட்டத்திலும் அம்பலத்திலும் சோறிட்ட மணிமேகலையின் கதை தமிழர்க்குச் சொன்ன அறம் அதுவே.

2020 மார்ச் இறுதியில் கேரளத்தின் ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் சமூகச் சமையற்கூடங்கள் எழுந்தன. குடும்பஸ்ரீ மகளிர் சமைத்தனர். ஊர் இளைஞர் பொதிகளை வீடுதோறும் கொண்டுபோய்க் கொடுத்தனர். வட மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரை விருந்தினர் எனப் பொருள்படும் பெயரால் அழைத்து அவர்க்கும் முகாமும் உணவும் வழங்கினர். அமுதசுரபி இலக்கியத்தில் ஒரு பாத்திரம். வாழ்க்கையிலோ அது பல கைகள் கூடிய ஓர் ஏற்பாடு.

அரசின் கடமை பற்றியும் ஒரு சொல் கூறுவோம். அசோக மாமன்னரின் இரண்டாம் பாறைச் சாசனம் மனிதர்க்கும் விலங்குகட்கும் இருவகை மருத்துவம் ஏற்படுத்தியதையும், மருந்து மூலிகைகள் இல்லாத இடங்களில் அவற்றைக் கொணர்ந்து நடுவித்ததையும், வழிகளில் கிணறுகள் தோண்டுவித்ததையும் உரைக்கிறது. தம் ஆட்சிக்கு அப்பாற்பட்ட சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் அவ்வாறே செய்ததாக அது கூறுகிறது. ஈராயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, மருந்துக்கு எல்லையில்லை என்று ஓர் அரசன் கல்லில் எழுதினான். பாண்டியர்க்கும் சேரர்க்கும் இடைப்பட்ட இவ்வெல்லை நிலம் அச்சாசனத்தின் பொருளை மற்ற எந்நிலத்தையும்விட நன்கு உணரும்.

7. தடுப்பு மருந்தும் நம்பிக்கையும்

நச்சுயிரிக்கு எதிரான போரில் மானிடம் பெற்ற தலையாய கருவி தடுப்பூசி. 1796 இல் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் பசு அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் எனக் காட்டினார். திருவிதாங்கூரில் 1810 முதல் 1815 வரை ஆண்ட ராணி கௌரி லட்சுமிபாய் காலத்தில், திவானாகவும் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகவும் இருந்த மன்றோ காலத்திலேயே, அம்மை குத்துதல் தொடங்கியது. மக்கள் அஞ்சினர், அவர்தம் அச்சம் நீங்க அரச குடும்பத்தாரே முன்வந்து குத்திக்கொண்டனர் என்பர். 1838 இல் நெய்யூரில் இலண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கியபின் தென் திருவிதாங்கூர்ச் சிற்றூர்கட்கும் மேலை மருத்துவம் எட்டியது. தலைமுறை பல உழைத்ததன் பயனாக 1980 மே மாதம் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்தது என்று உலக சுகாதார அவை அறிவித்தது. மனிதரை வாட்டிய ஒரு நோயை மனிதர் முயன்று முற்றும் ஒழித்தது அதுவே முதல் முறை.

அப்போருக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டு ஆயின. இம்முறையோ நோய் தோன்றி ஓராண்டுக்குள் தடுப்பூசி உருவாயிற்று. 2021 ஜனவரி 16 இல் இந்தியாவில் ஊசி போடுதல் தொடங்கிற்று. புனேயில் செய்த கோவிஷீல்டும் ஐதராபாத்தில் செய்த கோவாக்சினும் முதலில் வழங்கப்பட்டன. அவ்வாண்டு அக்டோபர் 21 இல் 100 கோடித் தவணைகள் நிறைந்தன.

ஈண்டு ஒரு சிறு செய்தி நம் உள்ளத்தைக் கவர்கிறது. ஒரு குப்பியில் பத்துப் பேருக்குரிய மருந்து என்பது கணக்கு. சிதறி வீணாவதற்காகச் சிறிது மிகுதியும் அதில் இருக்கும். கேரளச் செவிலியர் ஒரு துளியும் சிந்தாது, அம்மிகுதியிலிருந்து பதினோராவது ஊசியையும் எடுத்தனர். 2021 மே தொடக்கத்தில் அம்மாநிலம் பெற்ற தவணைகள் 73,38,806, போட்டவை 74,26,164. பெற்றதைவிடக் கொடுத்தது மிகுதி. விழிப்புணர்வை நாம் சதி என்று பயில்கிறோம். கையிலுள்ள சிறு கருவியில் முழு மனமும் நிற்றலே சதி என்றால், அப்பதினோராவது ஊசியில் அது நின்றது.

அதன் பயனும் அளவிட்டு அறியப்பட்டது. 2021 ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய குருதி ஆய்வில், எதிர்ப்புப் பொருள் உடையோர் நாடு முழுவதும் 67.6 விழுக்காடு, கேரளத்தில் 44.4 விழுக்காடே. அஃதாவது அங்குப் பாதிக்கு மேற்பட்டோரை நோய் அதுவரை தீண்டவில்லை. அதனாலேயே பின்வந்த மாதங்களில் அங்கு நோய் எண்ணிக்கை உயர்ந்து நின்றது. ஆயினும் நோய் வருமுன் ஊசி பலரை எட்டியது. வெள்ளத்தைத் தடுக்க இயலாவிடினும் அதன் விரைவைத் தணித்துக் கரையை உயர்த்தக் காலம் பெறுதல் அறிவுடைமை. விலகி நின்ற நாட்கள் வீண்நாட்கள் அல்ல. அவை பிறர்க்கு நாம் ஈட்டித் தந்த காலம்.

8. பாடத்தின் முடிபு

2023 மே 5 ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் நெருக்கடி நிலை நீங்கியதாக அறிவித்தது. நோய் முற்றும் மறையவில்லை. உருமாறி நம்மிடையே உலவுகிறது. நச்சுயிரிகள் இன்னும் வரும். 2025 மே மாதம் உலக சுகாதார அவை, வருங்காலப் பெருந்தொற்றுகளை நாடுகள் கூடி எதிர்கொள்வதற்கான உடன்படிக்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. உடன்படிக்கை ஏட்டில் இருக்கும். அதனை நடத்தும் மனம் மக்களிடம் இருத்தல் வேண்டும்.

இவ்வாராய்ச்சியால் நாம் பெற்றன மூன்று. நோயின் காரணத்தை அறிவால் தேட வேண்டும். அச்சத்தாலும் பழியாலும் தேடலாகாது என்பது முதலாவது. விலக நேரும்போது உடலால் விலகலாம், உள்ளத்தால் விலகலாகாது. விலக்கியவர்க்குச் சோறும் மருந்தும் நாள்வரையறையும் தராத விலகல் தீண்டாமையே என்பது இரண்டாவது. பிறரைக் காத்தலே தன்னைக் காத்தல் என்பது மூன்றாவது. முகக் கவசம் அணிபவர் தம்மையும் காக்கிறார், எதிரில் நிற்பவரையும் காக்கிறார். இரண்டும் ஒரே செயல். தன்னலமும் பிறர்நலமும் வேறல்ல என்று நூல்களிற் படித்ததை, இரண்டு முழத் துணி நமக்குக் காட்டிற்று.

இஞ்சிவிளையில் இன்று பேருந்துகள் தடையின்றி ஓடுகின்றன. தடுப்புகள் அகன்றன. ஆனால் மனத்தின் தடுப்புகள் தாமே அகல்வன அல்ல; அவற்றை நாமே முயன்று அகற்ற வேண்டும். அடுத்த நோய் வருமுன் அப்பணியைச் செய்து முடித்தல் நம் கடமை.

பயிற்சி வினாக்கள்

1. நான்கு வாய்மைகளின் முறையை இப்பெருந்தொற்றுக்குப் பொருத்திக் காட்டுக.

2. தீண்டாமைக்கும் நோய்க்கால இடைவெளிக்கும் உள்ள நான்கு வேறுபாடுகள் யாவை? உங்கள் ஊரில் நிகழ்ந்த ஒன்றை அவ்வுரைகல்லில் உரைத்துக் காண்க.

3. நோயுற்ற பிக்குவைப் பகவான் பேணிய நிகழ்ச்சியில், பணி முன்னும் உரை பின்னுமாக அமைந்தது ஏன்?

4. பெருந்தொற்று நாட்களில் உங்கள் தெருவில் தொண்டாற்றியோர் யாவர்? அவர்களுள் எத்தனை பேரின் பெயரை நீங்கள் அறிவீர்கள்? அறியாதவரின் பெயரை இவ்வாரம் கேட்டறிக.